நஸீபா கேட்ட வாடகை

பணக்காரன் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகங்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். தோளில் சாரன் துணி மூட்டையோடு ஏறாவூர், ஓட்டமாவடி என்று நடந்து விற்றவன். இன்று காத்தான்குடியில் எனக்கு இரண்டு புடவைக்கடை. எந்தப் புத்தகமும் வந்து மூட்டைக்குக் கை கொடுக்கவில்லை. ஆகவே பேச எனக்கு உரிமை உண்டு.

நஸீபா என் கடைக்குப் பத்தொன்பது வருடமாக அபாயா தைத்துத் தருகிறவள். கணவன் நௌஷாட் கட்டாரில் வாகனம் ஓட்டினான். அவன் அனுப்பிய காசில் சமையலும் படிப்பும் நடந்தன. தையலில் வந்ததை அவள் தொடவே இல்லை. அது மகள் நுஸ்ராவின் வீட்டுக்கு. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். இது சரியா பிழையா என்று வாதாட ஆட்கள் இருக்கிறார்கள். நஸீபாவுக்கு அதற்கு நேரமில்லை. தன் வீட்டு வளவிலேயே சுவரை எழுப்பிவிட்டாள். பெருநாள் கழிய நுஸ்ராவுக்குக் கலியாணம். கூரை மட்டும்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து நௌஷாட் ஊரோடு வந்து சேர்ந்தான், பெட்டியில் ஒரு புத்தகத்தோடு. குடியிருக்கும் வீடு சொத்தே இல்லையாம், காசு தின்னும் செலவாம். புத்திசாலி வாடகைக்கு இருந்துகொண்டு காசைப் பெருக்குவானாம். கூரைக்காசைப் பங்குச்சந்தையில் போடப்போகிறேன் என்று நின்றான். ஓடு ஏற்றி வந்த லொறியையும் திருப்பி அனுப்பிவிட்டான். இதை நம்பி ஒரு குமர்ப்பெண் கூரையில்லாமல் நின்றால், எழுதியவனா வந்து ஓடு வேய்வான்?

தைத்த துணி எடுக்கிற சாட்டில் நஸீபா வீட்டுக்குப் போனேன்.

“ஹாஜியார், இத ஒருக்கா வாசிச்சுப் பாருங்க,” என்று நௌஷாட் புத்தகத்தை நீட்டினான்.

“வாசிக்க நேரம் கெடச்சிருந்தா நானும் ஒன்னப்போலதான் இரிந்திருப்பன். இத எழுதினவன் எத்தின குமர் கரசேத்தவன்?”

“ஒங்களுக்கு வெளங்காது. நீங்க பழைய ஆக்கள்.”

எனக்கா விளங்காது! நான் வாயைத் திறக்குமுன் நஸீபா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“மச்சான், இந்த ஊடு ஆர்ட?”

“ஒன்ட.”

“ஆரு தந்த?”

“ஒன்ட உம்மா. சீதனமா.”

“நீங்க எத்தின வருசமா இதில இரிக்கிறீங்க?”

“இருபத்திரெண்டு.”

“கட்டார்ல நிண்டதக் கழிச்சிருவம். மிச்சத்துக்கு வாடகையத் தாங்க. புத்திசாலி வாடகைக்குத்தானே இரிப்பாராம்.”

உள்ளே நுஸ்ரா சிரித்த சத்தம் கேட்டது. நௌஷாட் புத்தகத்தைப் புரட்டினான். சீதன வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வீடு வீண்செலவு என்று வாசிக்கும் மாப்பிள்ளைக்கு அதில் ஒரு பக்கமும் இருக்கவில்லை.

“அப்ப, ஓடு?” என்றான் மெதுவாக.

“திருப்பினது நீங்கதானே, லொறிக்காரனுக்கு நீங்களே கோல் எடுங்க. ரெண்டாம் தரம் வாற கூலியும் ஒங்கட.”

மறுநாள் காலையில் லொறி வந்தது. நௌஷாட்தான் ஓடு இறக்கினான். நானும் கை கொடுத்தேன். என் வயதில் ஓடு சுமக்கிறவன் இந்த ஊரில் வேறு எவனும் இல்லை. நஸீபா வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கடைக்குப் பெருநாள் அபாயா இன்னும் பதினாறு தைக்க இருந்தது.