கத்தரிப்பூ நிறத்தில் முகங்கள்

எங்கள் கடை வரிசையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அம்மாவுக்கு எல்லாம் உண்டு. சொந்தக் கடை, நடுங்காத கை, சொன்ன பேச்சைக் கேட்கும் புருஷன். இல்லாதது ஒன்றுதான். தங்கையின் கடையைத் தாண்டும்போது திரும்பாமல் இருக்கும் கழுத்து.

பக்கத்தில் பூட்டு ரிப்பேர் கடை போட்டிருக்கும் நான் இந்தப் பொருமலைத் தினமும் கேட்கிறவன். தங்கைக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே இவர்தான். அவள் அடுத்த தெருவில் ஸ்டுடியோ திறந்தாள். திறந்தது போதாதென்று நன்றாகவும் நடத்தினாள். அதைத்தான் இவரால் ஜீரணிக்க முடியவில்லை. "அவ பிரிண்டுல முகமெல்லாம் பளிச்சுனு இருக்கு. என்னோடது ஏன்ண்ணே சோகை பிடிச்ச மாதிரி வருது?" என்று என்னிடம் வந்து புலம்புவார். சாவியைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ எப்போதும் இவருடைய ஆர்டர். புதிதாக வந்த தலைமையாசிரியை இந்த முறை அக்கா, தங்கை இருவரிடமும் சாம்பிள் கேட்டுவிட்டார். ஆர்டர் கைமாறினால், அதுவும் தங்கை கைக்குப் போனால், இவர் கடையையே மூடிவிடுவார் போல இருந்தது. சாம்பிளுக்கு ஆசிரியர்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார். திரையில் அருமையாக இருந்தது. பிரிண்ட் போட்டால் அத்தனை ஆசிரியர்களும் கத்தரிப்பூ நிறத்தில் வந்தார்கள்.

கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். விண்டோஸில் வைரஸ் தொல்லை தாங்காமல் புருஷன் போட்டுக்கொடுத்தது. பழி நேராக அவர் தலையில் விழுந்தது. "உங்க லினக்ஸைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!"

பாவம், அந்த மனுஷன் பிரிண்டர் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டார். மை அடைத்திருக்கிறதா என்று சோதனைத் தாள் எடுத்தார். எல்லா நிறக் கோடுகளும் முழுசாக வந்தன. மையை மாற்றினார், வேறு பேப்பரும் போட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் நிறம் மாறுவதாக இல்லை. கடைசியில் மனைவியிடம் சொல்லாமலே போய் மச்சினியைக் கூட்டிவந்துவிட்டார். அவளைக் கண்டதும் அம்மாவின் முகம் போன நிறத்துக்கு எந்தக் கடையிலும் மை கிடைக்காது.

நான் எண்ணெய் கேட்கிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

"ஸ்கிரீன்ல நல்லா இருக்கு, மையும் ஒழுங்கா விழுது. அப்போ நடுவுலதான்க்கா ஏதோ நிறத்தை மாத்துது" என்றபடி தங்கை பிரிண்ட் அமைப்புகளைத் திறந்தாள். கலர் ப்ரொஃபைல் என்ற இடத்தில் 'பாப்பா' என்று இருந்தது. பாப்பா, தங்கை மகளின் செல்லப் பெயர்.

ப்ரொஃபைல் என்பது குறிப்பிட்ட ஒரு பிரிண்டருக்கும் மைக்கும் பேப்பருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியாம். தங்கை தன் பிரிண்டருக்குச் செய்து வைத்திருந்ததை, அவள் காபி போட உள்ளே போன நேரம் பார்த்து அக்கா பென்டிரைவில் சுருட்டிவந்திருக்கிறார். லினக்ஸைச் சந்தேகப்பட்டார், மையைச் சந்தேகப்பட்டார், புருஷனையும் விடவில்லை. தங்கையின் சரக்கில் கோளாறு இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

அது இங்கே எப்படி வந்தது என்று தங்கை கேட்கவில்லை. "இது என் பிரிண்டருக்குப் பண்ணதுக்கா. உன்னோடதுக்குச் சரிப்படாது" என்று அதை எடுத்துவிட்டு, அக்காவின் பிரிண்டருக்கும் பேப்பருக்கும் உரிய ப்ரொஃபைலை நெட்டிலிருந்து இறக்கிப் போட்டாள். பிரிண்ட் வந்தது. முகங்களுக்கு உயிர் வந்துவிட்டது. தங்கை அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னோடதுல இப்படி வராதுக்கா. எந்தப் பேப்பர் இது?"

அம்மா கண் இமைக்காமல் வேறொரு பேப்பரின் பெயரைச் சொன்னார். சரியான பேப்பரின் டப்பா பிரிண்டர் மேலேயே திறந்து கிடந்தது. தங்கை அதைப் பார்த்தாள். "சரிக்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்டர் அம்மாவுக்கே கிடைத்தது. தங்கை சாம்பிளே கொடுக்கவில்லையாம். "அக்காதானே எப்பவும் எடுப்பாங்க, அவங்களே எடுக்கட்டும்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டாளாம். "இப்பவாவது சந்தோஷமா இருங்கம்மா" என்றேன் நான்.

"என்னத்தச் சந்தோஷம்?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவங்கிற பேரையும் அவளே வாங்கிட்டுப் போயிட்டாளே, அண்ணே!"