சீசாவின் அடியில் படிந்தது

தேவதாஸ் பீளமேட்டுப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் விரிவுரையாளர். தண்ணீரில் கரையவே கரையாத ஒரு மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி மிதக்கவிட வேண்டும். டாக்டர் பட்டத்துக்காக ஏழு வருடமாக அவர் கட்டிக்கொண்டு அழுதது அதைத்தான்.

செய்முறை கேட்கச் சுலபம். ஒரு ஊசிக்குழலில் ஆல்கஹாலில் கரைத்த மருந்து, இன்னொன்றில் சோப்பு இனத்துப் பொருள் கலந்த, காய்ச்சி வடித்த தண்ணீர். கணபதி லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளைக் குழாய்க்குள் இரண்டையும் ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். மோதிய கணத்திலேயே மருந்து பொடிப்பொடியாய்ப் பிரியும். ஒன்றோடொன்று ஒட்டுவதற்குள் சோப்பு போர்த்திக்கொள்ளும். சீசாவில் பால் மாதிரி நிற்கும். முப்பது நாள் படியாமல் நின்ற சீசாக்கள் அவர் அலமாரியில் வரிசையாக இருந்தன.

தொண்ணூற்றாறு மே மாதத்தோடு பட்டத்துக்கான பதிவுக்காலம் முடிகிறது. கடைசி வாரத்தில் மதராஸிலிருந்து வந்த பல்கலைக்கழகத் தேர்வாளர் சென்னகிருஷ்ணன், கண்முன்னால் செய்யச் சொன்னார். தேவதாஸ் அழுத்தினார். வெள்ளையாகத்தான் வந்தது. பத்தே நிமிடத்தில் திரிந்து அடியில் உட்கார்ந்தது.

"பால்னு எழுதியிருக்கீங்க மிஸ்டர் தேவதாஸ். இது தயிராயிடுச்சே?"

மூன்று தடவை செய்தார். மூன்றும் தயிர்.

"கையெழுத்துப் போட முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சென்னகிருஷ்ணன் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆய்வக உதவியாளர் சுப்பண்ணன் சீசாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். "இந்தப் போர்க்கெணத்து உப்புத் தண்ணில சோப்பே நொரைக்க மாட்டீங்குதுங் சார், சனியன்."

தேவதாஸ் திரும்பினார். "போர் தண்ணியா? எனக்கு இன்னைக்கு எந்தத் தண்ணி வெச்சீங்க சுப்பண்ணா?"

"இதேதானுங்க. துணில வடிகட்டித்தான் வெச்சனுங்க."

"காய்ச்சி வடிக்கிற மெஷின்?"

"அது சூடேத்துற சுருள் கரிஞ்சுபோயி ரெண்டு வருசமாச்சுங்களே! ஆபீசுல எழுதிக் குடுத்தனுங்க, ஆரும் கண்டுக்கலீங்க. உங்க வேல நிக்கப்படாதுன்னு எங்கூட்டுக் கொழாயில சிறுவாணித் தண்ணி புடிச்சுப் புடிச்சு வெச்சுப்போட்டனுங்க. அதவிடச் சுத்தமான தண்ணி ஒலகத்துல ஏதுங்க? இப்பத்தான் ரெண்டு வாரமா கொழாயே வரலீங்களே."

கோபப்பட முடியவில்லை. இரண்டு வருடத்தில் ஒருநாளாவது அந்த மெஷினைப் போய்ப் பார்த்திருந்தால்?

மறுநாள் காந்திபுரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து செய்தார். பால். ஒரு வாரம் கழித்தும் பால். அதற்குள் ஜூன் பிறந்திருந்தது.

அன்று வீட்டில் மனைவி கிருபாவதி பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அதான் நிக்குதுங்களே! காரணத்தச் சொல்லி யுனிவர்சிட்டிக்கு எழுதுங்க. இன்னும் ஆறு மாசம் குடுக்க மாட்டாங்களா?"

அவர் பதிவு நோட்டைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். இரண்டு வருடப் பக்கங்கள். ஒவ்வொன்றின் தலையிலும், அவருடைய அழகான கையெழுத்தில்: 'தண்ணீர் – காய்ச்சி வடித்தது.'

"என்ன காரணத்த எழுதச் சொல்றே கிருபா? இதுல ஒரு பக்கங்கூட நெசமில்லையே."

அவள் நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து மூடினாள்.

அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புது சீசா ஜன்னலோரம் இருந்தது. அடியில் ஒரு பொட்டுக்கூடப் படியவில்லை.