பம்பைக்கார அண்ணனின் நாலு கைகள்

என்னிடம் ஒரு நெகட்டிவ் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், புளியமரத்தடியில் ஒருவர் நின்று பம்பை அடித்துக்கொண்டிருப்பார். நெகட்டிவ் என்பதால் மரத்தடி இருட்டு வெளுப்பாகவும் அவருடைய கைகள் கறுப்பாகவும் தெரியும். கைகளை எண்ணினால் நாலு வரும். இரண்டு கைகள் தலைக்கு மேலே குச்சியோடு நிற்கின்றன, இரண்டு பம்பைத் தோலின்மேல் இறங்கியிருக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு மேலாக இதை ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருக்கிறேன். கரையான் வருமோ, ஈரம் படுமோ என்று வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். எதற்கும் கவலைப்படுகிற பிறவி நான். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஒடுகத்தூரில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. படம் எடுப்பது என் கணவர், கழுவிப் பிரிண்ட் போடுவது நான். ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். படிப்பில் என்னிடம் மிஞ்சியது எண்ணிக்கை ஒன்றுதான். இருட்டறைக் கடிகாரம் கெட்டுப்போய் நாளாகியிருந்ததால், ஃபிலிமை மருந்தில் போட்டுவிட்டு வாய்விட்டு எண்ணுவேன். ஒன்று முதல் அறுபது வரை, அப்படி எட்டுத் தடவை. ஒரு நொடி கூடினால் கறுத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும் என்ற பயத்தில் எண்ணி எண்ணி, சோறு வடிக்கும்போதும் தெருவில் நடக்கும்போதும் உதடு தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. கணவருக்கு அது பெரிய வேடிக்கை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் ஜவ்வாது மலையிலிருந்து பம்பைக்கார அண்ணன் வந்தார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். சாமை விதைப்பவர், புளி அடித்துச் சந்தைக்குக் கொண்டுவருபவர். ஊர்த் திருவிழாவென்றால் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் நிற்பார். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். முந்தின மாதம் என் கணவர் அவருடைய குழுவை ஒரு படம் எடுத்துக் கொடுத்திருந்தார், மெட்ராஸில் நடக்கிற ஒரு கலை விழாவுக்கு மனுவோடு சேர்த்து அனுப்ப. அந்த மனு திரும்பி வந்துவிட்டது. படத்தின் பின்னால் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள்: இவர்கள் வாசிக்கிறார்களா, பஸ்ஸுக்கு நிற்கிறார்களா?

படத்தைப் பார்த்தால் அப்படிக் கேட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள், கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன, வாத்தியங்கள் தரையில். எங்கள் தொழிலில் நாங்கள் வாயைத் திறந்து சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை, "அசையாதீங்க." கல்யாண ஜோடியானாலும் கைக்குழந்தையானாலும் அதேதான். மலைக்குப் போயும் என் கணவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அண்ணனுக்கு அந்த விழா பெரிய விஷயம். அதற்கு முந்தின வருஷம் வேலூரில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தாராம். மேடையில் தலையில் கோழி இறகு கட்டிய ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. ஜவ்வாது மலைக்காரர்கள் என்று மைக்கில் சொன்னார்கள். "எங்கூர்ல எந்தக் காலத்துலம்மா எறகு கட்னாங்க? எம் பேர வச்சிகினு எவனோ ஆடறான்," என்று அவர் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னும் பத்து நாளுக்குள் வாசிக்கும்போது எடுத்த படம் போய்ச் சேராவிட்டால் அந்த வருஷமும் இறகுக்காரர்கள்தான்.

என் கணவரோ மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் போகிறேன் என்று என் வாய்தான் சொன்னது. கணவர் படுத்தபடியே சொன்னார்: "நீ எடுத்தா படத்துல உன் கவலதாண்டி வுழும்."

மறுநாள் விடியலில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய், பாதை முடிந்த இடத்திலிருந்து நடந்தேன். தோளில் இரட்டைக் கண் கேமரா. அதைக் கண்ணுக்குத் தூக்க வேண்டியதில்லை, வயிற்றோடு வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். படம் எடுக்குமுன் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ள வேண்டும், எடுத்த பின் குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை, ஒன்றை மறந்தால் இன்னொன்று ஞாபகப்படுத்தாது. நகர்த்தாமல் எடுத்தால் ஒரு படத்தின்மேலேயே இன்னொன்று விழும். நகர்த்து, நகர்த்து என்று ஏறும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

காலை வெயில் நன்றாக இருந்தது. களத்தில் நின்று வாசிக்கச் சொன்னேன். வெயிலில் தோல் இறுகிச் சத்தம் மாறிவிடும் என்று அண்ணன் புளியமரத்து நிழலுக்குப் போய்விட்டார். நிழலில் கேமராக் கதவு மெதுவாகத்தான் திறந்து மூட வேண்டும். அதற்குள் கை அசைந்தால் படத்தில் கை இருக்காது, புகை இருக்கும். அப்படிப் புகைந்த படங்களை எத்தனை கழுவியிருக்கிறேன்.

பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் சேர்ந்து எழுந்தன. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன, நான் நின்ற தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. கேமராவைக் குனிந்து பார்த்தேன். அந்த நொடி சத்தம் நின்றது. நிமிர்ந்தால் எட்டுப் பேரும் கையைத் தூக்கியபடி தூக்கிய இடத்திலேயே வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். உடுக்கைக்காரர் உதட்டை அசைக்காமல் சொன்னார், "சீக்கிரம் எடும்மா, கை வலிக்குது." போட்டோ என்றால் அசையக்கூடாது என்று நாங்கள்தானே கற்றுக்கொடுத்திருந்தோம். ஃபிலிம் வீணாகக் கூடாதென்ற மரியாதை அவர்களுக்கு.

ஒன்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. வாசிப்பது போலவே இருக்கிறது, புகையும் இல்லை, இதை அனுப்பினால் யாருக்குத் தெரியும்? அப்படித்தான் அண்ணனிடமும் சொன்னேன். அவர் கையை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"இதுல சத்தம் வருமா, தங்கச்சி?"

போட்டோவில் எப்படிச் சத்தம் வரும் என்று நான் கேட்டிருக்கலாம். குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்தினேன். அவர் குழுவிடம் திரும்பி, அந்தப் பொண்ணு அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், எவன் நிறுத்தினாலும் இன்றைக்குச் சோறு கிடையாது என்றார். மறுபடி தொடங்கினார்கள்.

பிறகுதான் என் பாடு. அந்தக் கேமராவில் இடம் வலமாகத் தெரியும். அண்ணன் வலப்பக்கம் ஆடினால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடுவார். துரத்திப் போனால் வெறும் மரம்தான் இருக்கும். ஏழெட்டுப் படம் அப்படிப் போனது. கேமராவும் என் கையில் ஆடியது. ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த ஓர் உரலின்மேல் அதை வைத்துவிட்டு முட்டி போட்டேன். அவர் ஆடி ஆடி அந்த மரத்துக்கு நேராகத்தானே வரவேண்டும், வரட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்தால் எனக்கு வேறென்ன தெரியும்? உதடு எண்ண ஆரம்பித்துவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. எட்டு எண்ணினால் அடி ஒரு சுற்று முடிகிறது. ஏழாவது எண்ணிக்கையில் அவருடைய கை மேலே போகிறது. எட்டில் விழுகிறது. மேலே போன கை விழுவதற்கு முன் அங்கே நிற்கிறது. கண்ணிமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் எட்டு வாத்தியமும் மௌனமாக இருக்கின்றன, காடே காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யாரும் அவரை அசையாதே என்று சொல்லவில்லை. அந்த நிற்றல் அடிக்குள்ளேயே இருந்தது. எத்தனை கச்சேரி கேட்டிருக்கிறேன், அந்த மௌனத்தை அதுவரை கேட்டதில்லை.

ஏழு என்று எண்ணிய பிறகு அழுத்தினால் விரல் போய்ச் சேருவதற்குள் எட்டு வந்துவிடுகிறது. இரண்டு படம் அப்படிப் போயின. ஆறு முடியும்போதே விரல் கிளம்ப வேண்டும். வரப்போவதை நம்பி அழுத்த வேண்டும். எதையும் நம்பாத எனக்கு அது எப்படி வந்ததோ தெரியாது. வலது கை எழுந்தது, நின்றது, நான் அழுத்தியிருந்தேன். அடுத்த சுற்றில் இடது கை எழுந்தது, நின்றது, அழுத்தியிருந்தேன். அந்த இரண்டு சுற்றும் வீட்டில் படுத்திருக்கிற மனிதரோ, மெட்ராஸ் கடிதமோ, ஃபிலிமோ எதுவும் என் நினைவில் இல்லை. பயப்பட மறந்திருந்தேன்.

இறங்கி வரும்போது ஜீப்பில்தான் உறைத்தது. நான் பதின்மூன்று தடவை அழுத்தியிருந்தேன். ரோலில் பன்னிரண்டுதான். எங்கோ ஒரு தடவை ஃபிலிமை நகர்த்தவில்லை. ஒடுகத்தூர் வரும்வரை பதின்மூன்றையும் விரல்விட்டுத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

மறுநாள் காலையில் கழுவினேன். புகை, மரம், பாதி மனிதர், மறுபடி புகை. நன்றாக விழுந்தவை இரண்டே. ஒன்று, எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்து நின்ற படம். மற்றது அந்த நகர்த்தாத ஃபிலிம். தாளை மருந்துத் தட்டில் போட்டு எண்ணினேன். இருபதில் மரம் வந்தது. முப்பதில் பம்பை. நாற்பதில் ஒரு கை, பிறகு இன்னொரு கை, பிறகு இன்னும் இரண்டு. அண்ணனின் உடம்பு சற்றே கலங்கியிருக்க, கரிய மரத்தின் முன்னால் நாலு கைகளும் செதுக்கியதுபோல் நின்றன. எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால் அந்த முதல் பிரிண்ட் கறுத்துப்போய், இன்னொன்று போட வேண்டியிருந்தது.

சந்தை நாளில் அண்ணனும் உடுக்கைக்காரரும் புளி மூட்டையோடு வந்தார்கள். இரண்டு படத்தையும் காட்டினேன். தப்பு என்னுடையது, நல்ல படத்தையே அனுப்பிவிடலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். உடுக்கைக்காரர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கைய வச்சிகினே வூட்ல ஒரு வேலயும் செய்றதில்லன்னு அண்ணி திட்டுது. நாலு கீதுன்னு தெரிஞ்சா நீ காலி," என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. கடை வாசலுக்குப் போய் வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடிக்கறப்போ எனக்கு இப்டிதான் கீது, தங்கச்சி. எத்தினி கைன்னு எனக்கே தெரியறதில்ல," என்றார். பிறகு இன்னொரு படத்தை என்னிடம் நீட்டினார். "இதுல சத்தம் வரல. நீயே வச்சிக்கோ."

மனுவை அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் தபாலில் போடும்போது ஒரு காரியம் செய்தேன். நாலு கைப் படத்தோடு மற்றதையும் உறைக்குள் தள்ளிவிட்டேன். அவர் வேண்டாமென்றது தெரியும். என் பயம் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் கடை விலாசத்துக்குப் பதில் வந்தது. உறையைக் கிழித்ததும் உள்ளே கெட்டியாக ஒரு போட்டோ விரலில் தட்டுப்பட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதத்தைப் பிரிக்காமல் அரைநாள் அரிசி டப்பாவின்மேல் வைத்திருந்தேன். மத்தியானம் என் கணவர், கண் மஞ்சள் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவர், படி என்றார். சர்க்கார் தமிழை நான் விரல் வைத்துத்தான் படிப்பேன். குழுவினர் எட்டுப் பேரும் விழாவில் கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கூடுதலாக வந்த ஒரு புகைப்படம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாலு கை அங்கேயே தங்கிவிட்டது. அன்றைக்கு ஏன் அழுதேன் என்று கணவருக்குப் புரியவில்லை. அண்ணன் மெட்ராஸ் போனார், இறகில்லாமல் அடித்துவிட்டு வந்தார். அங்கே மேடைக்கு முன்னால் நின்ற போட்டோக்காரர் கையைக் காட்டி நிற்கச் சொன்னாராம். "நீ பாட்டுக்கு எடு சாமி, நாங்க நிக்கறவங்க இல்ல," என்றாராம் இவர். அதற்குப் பிறகு இருபது வருஷம் கோயில் கச்சேரி, மெல்லிசைக் கச்சேரி என்று எவ்வளவோ எடுத்தேன். எல்லாவற்றிலும் எண்ணித்தான் எடுத்தேன். உறைக்குள் இரண்டு படம் வைத்ததை மட்டும் அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை.

போன மாதம் அவருடைய மகள் போன் செய்தாள். அப்பா போய்விட்டார், மாலை போட ஒரு படம் வேண்டும், அந்த நாலு கைப் படமே வேண்டுமென்று அம்மா சொல்கிறார் என்றாள். ஸ்டுடியோவை மூடி எத்தனையோ காலமாயிற்று. பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நெகட்டிவை மெஷினில் வைத்துத் திரையில் பெரிதாக்கினார். பழைய மரமும் பழைய நிழலும் என் மூஞ்சி அகலத்துக்கு எழும்பின. உதடு எண்ண ஆரம்பித்தது.

"டபுளா வுழுந்துட்டு கீதும்மா," என்றார் அவர். "கவலப்படாதீங்க. ரெண்டு கைய அழிச்சி சுத்தமா குடுத்துடறேன். ரெண்டு நிமிஷ வேல."

"எந்த ரெண்ட?" என்று கேட்டேன்.

அவர் அம்புக்குறியை மேலே நின்ற வலது கைக்குக் கொண்டுபோனார். பிறகு இடது கைக்கு. பிறகு தோலின்மேல் இருந்த கைகளுக்கு. கொஞ்ச நேரம் அது எதன்மேலும் நிற்காமல் நாலையும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.