நஸ்ரினுக்கு நான் சொன்ன ஆலோசனை

என்னோடு சட்டம் படிக்கும் நஸ்ரின் காத்தான்குடிக்காரி. எல்லாப் பரீட்சையிலும் என்னை முந்திவிடுவாள். ஒருநாள் உளவியல் டிப்ளோமா விண்ணப்பத்தைக் காட்டி, "சட்டத்தோட இதையும் படிக்கட்டா? நீ சொல்லு புள்ள" என்று கேட்டாள். இன்னும் உயர்ந்துவிடுவாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"ரெண்டையும் படிச்சா ரெண்டும் போயிரும்" என்றேன். அவள் என்னை நம்பி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வாகரையில் இலவச சட்ட முகாம். கணவனிடம் அடிபட்டு வந்த ஒரு பெண், நான் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. நஸ்ரின் பேசாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நஸ்ரின் கலங்கிப்போயிருந்தாள். "அந்தப் பிள்ளைக்கிட்ட நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ தெரியா. உளவியல் படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "பொறாமையிலதான் உன்னை வேணாமெண்டு சொன்னனான்" என்றேன்.

அவள் பைக்குள் மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து விரித்தாள். பிறகு, "நாளைக்குத்தான் கடைசித் திகதி. கூட வாறியா?" என்று கேட்டாள்.

"ஓம், வாறன்."

இப்போது அவள் இரண்டையும் படிக்கிறாள். என் பொறாமை இன்னும் போகவில்லை. அவள் ஆலோசனை கேட்டால், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.