பால் திரைந்த வீட்டில் பதினொரு வருடம்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன வருடம், என் கணவருக்கு அங்கிருந்த வேலை போனது. வேலையோடு கிடைத்த அறையும் போனது. கார்த்திகை மாதம், விடாத மழை. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், செபக் கூட்டத்தில் எழும்பிக் கதைக்க வெட்கம். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

வீடு கேட்டுப் போன இடமெல்லாம், "நீங்கள் ஆற்ற ஆக்கள்?" என்று சாதி கேட்பதுதான் முதல் கேள்வி. இறக்கக்கண்டி ஊர், மீன்பிடிக்கிற சனம் என்றதும் கதவு பாதி மூடும். அந்தப் பாதிக் கதவுக்குப் பின்னால் எங்கள் மீன்தான் குழம்பில் கொதிக்கும்.

கடைசியில் உப்புவெளியில் ஒரு அம்மா, தன் வளவிலிருந்த சின்ன வீட்டைத் தர ஒத்துக்கொண்டார். எங்கள் கோயிலில் முதல் வரிசை வாங்கில் இருப்பவர். முழந்தாளில் நிற்கும்போதும் பின்னால் யார் என்ன சேலை என்று பார்ப்பவர். கழுத்தில் செபமாலை, கையில் பஞ்சாங்கம்.

"வியாழன் காலமை பால் காய்ச்சோணும் பிள்ளை. பொங்கி வழிஞ்சாத்தான் வீட்டுக்கு நல்லது. நான் நிண்டு பாப்பன்" என்றார்.

அவருடைய கணவர் பென்சன் எடுத்த கிளாக்கர் ஐயா. விறாந்தையில் பேசாமல் இருப்பார். மனைவிக்கு முன்னால் அவர் வாய் திறந்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. நானும் அவரை ஒரு ஆளாக எண்ணவில்லை.

வியாழக்கிழமை சாமான் ஏற்றின மாட்டுவண்டில் பள்ளத்தில் இறங்கி ஏறியதில், பாலுக்கென்று வாங்கின புதுப் பானை உடைந்துவிட்டது. மிஞ்சியது மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி. தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அதிலேயே பாலை ஊற்றினேன். எத்தனை வருடப் புளி அந்த மண்ணுக்குள் ஊறியிருந்ததோ! பால் பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரைந்தது.

"ஐயோ மாதாவே! தரித்திரம் பிடிச்ச சனம், தரித்திரத்தை என்ர வளவுக்குள்ள கொண்டு வந்திட்டுதுகள்! சாமானை இறக்காதேங்கோ. வண்டிலைத் திருப்புங்கோ!" என்று அம்மா கத்தினார்.

சட்டிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு எழும்பவில்லை. வெளியே என் கணவர் மழையில் நனைந்துகொண்டு நின்றார். என் தோளில் பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது. போக வேறு இடமில்லை. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிற வாய், பாலுக்குள் பேயைக் கண்டு அலறுகிறது. எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

அடுப்படியில் குசினிச் சுவரைப் பார்த்தபடி, "ஆண்டவரே, எனக்குக் கதைக்க ஏலாது. ஆரையாவது கதைக்க வையும்" என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் செபம்.

கிளாக்கர் ஐயா குசினிக்குள் வந்தார். குனிந்து சட்டியை மணந்து பார்த்தார்.

"இதில என்ன காய்ச்சிறனீர் பிள்ளை?"

"சூடை மீன், ஐயா."

"புளி கூடப் போடுவீரோ?"

"ஓம் ஐயா."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இஞ்சேரும், புளிச் சட்டியில ஊத்தின பால் திரையாமப் பின்ன பாடுமே? சவக்காலைக்குப் போற வயசிலயும் உமக்கு இந்த விசர் விடேல்லை. சாமானை இறக்க விடும்."

"நீங்கள் உள்ள போங்கோ! உங்களுக்கு இதில என்ன கதை?"

"வளவு உம்மட சீதனம். வீடு நான் கட்டினது."

அம்மா வாயை மூடினார். அந்த வாய் மூடும் என்று அன்றுதான் அறிந்தேன். ஐயா சீனி கேட்டு வாங்கி, திரைந்த பாலில் போட்டு, நின்றபடியே கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு, ஒரு சாதி மீன் வாடை மட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. அந்த வீட்டில் பதினொரு வருடம் இருந்தோம். அம்மா அடுத்த ஞாயிறும் வெட்கமில்லாமல் முதல் வாங்கில் போய் இருந்தார். அவரை மன்னித்துவிட்டேன். மதிக்க இன்னும் ஏலவில்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பேசாதவர்களை நான் அதற்குப் பிறகு இளக்காரமாக நினைத்ததில்லை. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் நாள் பார்ப்பதுமில்லை. முழந்தாளில் நின்று செபித்துவிட்டுச் சாமானை இறக்குவோம்.

சாமானோடு தெருவில் நிற்கிற பிள்ளைகளே, சத்தம் போட்டுச் செபிக்க வராவிட்டால் பரவாயில்லை. மனதுக்குள் சொல்லுங்கள். அவருக்குக் கேட்கும். நான் சொன்னதைக் கேட்டார்.