ஏழு கம்பெனி, ஒரே சலவைக்கூடம்

நான்கு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து, சித்தி வீட்டு முன்னறையில் பெட்டியை இறக்கினேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சித்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"இதுல என்ன கோளாறுன்னு பாருடி."

ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கிய பயோடேட்டா. சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்தை மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். நாற்பத்தொன்பது வயது. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். இந்தக் காகிதத்தை இரண்டு ஆஸ்பத்திரிகளில் கொடுத்திருக்கிறாள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றில், "ஏம்மா, ஒரு எடத்துலயும் நிலையா இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

கேட்டதிலும் தப்பில்லை. இருபத்தொரு வருடத்தில் ஏழு கம்பெனிப் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"இத்தனை வேலையா மாறின, சித்தி?"

"எங்கடி மாறினேன்? அதே ஆஸ்பத்திரி, அதே கீழ்த்தளம், அதே மெஷின். கான்ட்ராக்ட்தான் கைமாறிக்கிட்டே இருந்துச்சு. புதுசா ஒருத்தன் வருவான், வேற கலர்ல ஒரு கோட்டு குடுப்பான், கையெழுத்து வாங்கிப்பான். கடைக்காரரு எந்தெந்தக் கம்பெனின்னு கேட்டாரு, சொன்னேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "ஊரெல்லாம் சுத்துனது நீ. நிலையில்லாதவன்னு பேரு எனக்கு."

அடியில் 'பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்' என்று இருந்தது.

"நீ எப்போ புத்தகம் படிச்ச?"

"அது எல்லாருக்கும் போடுறதாம்."

மூன்றாவது ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் கேட்டிருந்தார்கள். விண்ணப்பிக்க இரண்டு நாள்தான் இருந்தது. புதிதாக எழுத உட்கார்ந்தோம்.

"அங்க என்ன வேலை செய்யற?"

"துணி துவைக்கிறேன்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

கிளறிக் கிளறித்தான் வந்தது. ரத்தம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுகிறாள். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். ஆபரேஷன் தியேட்டர் மூட்டையை உதறாமல் பிரிக்கிறாள். உள்ளே ஊசி கிடக்கும். தொற்று நோயாளிகளின் துணிக்குத் தனிப் பை. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள். புதிதாக வந்த பதினொரு பேருக்கு வேலை பழக்கியிருக்கிறாள்.

"இதையெல்லாம் ஏன் எழுதல?"

"இதெல்லாம் எழுதுற விஷயமா? செய்யறதுதானே."

மேலே ஆஸ்பத்திரி பெயரைப் போட்டேன். 'சலவைக்கூடம், தொடர்ந்து இருபத்தொரு ஆண்டுகள், ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக.' ஏழு பெயர்களும் அதன்கீழ் சிறிய எழுத்தில் போயின. சித்திக்கு அதிலும் பயம்.

"இவ எங்க ஆளே இல்லன்னு ஆஸ்பத்திரிக்காரன் சொல்லிட்டா?"

"அதான் ஒப்பந்தம்னு எழுதியிருக்கேனே. உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

தலைமை நர்ஸைச் சொன்னாள். மறுநாள் அவரிடம் கேட்டதற்கு, கடிதம் தரத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாராம். "என் நம்பரப் போட்டுக்கோங்க. யார் கேட்டாலும் சொல்றேன்" என்றும் சொன்னாராம். நம்பரைக் கடைசி வரியில் சேர்த்தேன். புத்தகமும் இசையும் போயின.

அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். காலை வேலையை முடித்துவிட்டு அப்படியே நேர்காணலுக்குப் போனாள். நாலரை மணிக்குத் திரும்பியவள், தரையில் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு சித்தி?"

"கறைத் துணிய என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். என் முன்னாடியே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாங்க. பத்து நிமிஷம் பேசினாங்க."

"அப்புறம்?"

"ஒண்ணாம் தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. காலைல ஆறு மணிக்கு."

நான் கத்தியேவிட்டேன். அவள் அசையவில்லை.

"உனக்கு சந்தோஷமா இல்லியா?"

"இருக்குடி," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "கொஞ்சம் படுத்துட்டு, அப்புறமா சந்தோஷப்படறேன்."