கயிற்றால் கட்டிய எஞ்சின்

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி சுடேல்லையோ?" என்றுதான் மார்கிரட் அன்று கணவனிடம் கேட்டாள்.

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கித் தேத்தண்ணி ஊற்றிய தகரப் பேணியை வெறும் விரல்களால் சுற்றிப் பிடித்தபடி இருந்தான் கனிசியஸ்.

"சுடும்தானே," என்றான்.

"அப்ப ஏன் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்?"

அவன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். பேணியைக் கீழே வைத்தான்.

"கை விறைச்சுக் கிடக்கு. மோட்டார் சைக்கிள் போட்டு உதறுற உதறல். ரெண்டு நாளையிலை சரிவரும்."

"தவசுகாலத்திலையும் இதைத்தான் சொன்னீங்கள். மாசக்கணக்காச்சு, மடுத் திருவிழாவும் வரப்போகுது."

"இனி உதறாது. எஞ்சினை இறுக்கிக் கட்டிப்போட்டன்."

"எஞ்சினையோ? கட்டினீங்களோ?"

"பின்னை? வள்ளத்திலை ஆடுறதைக் கட்டாமல் கும்பிட்டுக்கொண்டோ நிக்கிறது?"

மார்கிரட் சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் சிரிக்காமல் கையைப் பிடித்து டாக்குத்தரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

குருநகரில் பிறந்து கடலில் வளர்ந்தவன் கனிசியஸ். வள்ளம் உடைந்த பிறகுதான் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு நீர்வேலிப் பக்கம் மீன் விற்கப் போனான். கடலை விட்டாலும் கடற்பழக்கம் விடவில்லை. எது கழன்றாலும் அவன் கை நட்டைத் தேடாது, கயிற்றைத் தேடும். எஞ்சினையும் சட்டத்தையும் சேர்த்து நைலோன் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தான். ஹாண்டில் நுனிகளில் இருந்த இரும்புக் கட்டிகள் மீன் பைகளில் கொழுவுகின்றன என்று கழற்றி எறிந்துவிட்டு, பிடிகளில் வலைநூலைத் தடிப்பாகச் சுற்றியிருந்தான்.

அவனுடைய பிழைப்பு பெருவிரலில் இருந்தது. கரையில் ஏலம் கூறத் தொடங்குமுன் மீனை அதால் அமத்திப் பார்ப்பான். அமத்திய இடம் உடனே மேலெழும்பினால் நல்ல மீன். குழி நின்றால் பழுது. கனிசியஸ் அமத்தி வாங்கிய மீனைப் பற்றி நீர்வேலியில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை, நீர்வேலியில் அவனிடம் மீன் வாங்கும் மீனாம்பிகை சட்டியோடு திரும்பி வந்தாள்.

"கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு உந்த நாறின கும்பளா மீனை எங்கை தோண்டி எடுத்தனீர், கனிசியஸ்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அவளுடைய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்ச மீன் முழுவதையும் அவள் தோட்டத்து வாழைகளின் அடியிலேயே புதைத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"காலமை நான் அமத்தித்தான் வாங்கினனான், மார்கிரட். விரலுக்கு ஒண்டும் தெரியேல்லை."

மறுநாள் வெள்ளி. சைவ நாளென்று நீர்வேலியில் மீன் விலைபோகாத நாள். மார்கிரட் பின்னால் ஏறியிருந்து அவனை நல்லூரில் மெக்கானிக் நிருஷனுடைய கராச்சுக்குக் கொண்டுபோனாள்.

நிருஷன் கயிற்றைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அண்ணை, உது ஓடிவிடும் எண்டோ கட்டினீங்கள்?"

வண்டியை நிற்பாட்டியபடியே, கியர் போடாமல் எஞ்சினை உறுமவிட்டான். கண்ணாடி படபடத்தது. "நிக்கேக்கையே உதறுது. அப்ப சில்லுமில்லை, செயினுமில்லை. எஞ்சின் இருக்கிற இடம்தான்," என்றான். கயிற்றை அறுத்தான். பெட்டியிலிருந்து வருடக்கணக்காக வடிந்த உப்புத் தண்ணீர், எஞ்சினைப் பிடிக்கும் பின் போல்டைத் தின்றிருந்தது. தலை மட்டும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிருஷன் விரலால் தட்ட, அது கழன்று நிலத்தில் விழுந்தது.

"உடைஞ்சதைக் கயிறு மறைச்சுப்போட்டுது. கட்டினதாலை எஞ்சினின்ரை உதறல் முழுக்கச் சட்டத்தாலை உங்கடை கைக்கு வந்திருக்கு. நீங்கள் கழட்டின அந்த இரும்புக் கட்டியும் வடிவுக்கு வைச்சதில்லை, அண்ணை. ஹாண்டில் நடுங்காமல் இருக்கத்தான்."

புதுப் போல்டுகள், புது றப்பர்கள் போட்டான். ஹாண்டில் நுனிக்குப் பழைய வண்டியொன்றிலிருந்து கட்டிகள் கழற்றிப் பூட்டினான். வலைநூலை வெட்டி எடுத்தான். பெட்டித் தண்ணீர் எஞ்சின் பக்கம் வடியாமல் ஒரு குழாய் வைத்துவிட்டான்.

திரும்பி வரும்போது கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் அசையாமல் தெரிந்தது. "படகு மாதிரிப் போகுது," என்று கனிசியஸ் இரண்டு முறை சொன்னான். மார்கிரட் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.

மெழுகுதிரியும் கொளுத்தினாள். வண்டி நன்றாக ஓடியது. விரல்களில் உணர்வு திரும்பவில்லை. டாக்குத்தர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். கனிசியஸ் சுவரைப் பார்த்தபடி "இல்லை, இல்லை" என்றான். நரம்பு கனகாலமாகப் பழுதுபட்டுவிட்டது என்றும், அதிர்வு நின்றதால் பழுது இனிக் கூடாமல் இருக்கலாம், போனது வருமென்று சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார்.

ஒருநாள் முற்றத்தில் கறிக்குப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தான். பலகையில் இரத்தம் அதிகமாக ஓடுவதை மார்கிரட்தான் முதலில் கண்டாள். அது மீனின் இரத்தம் அல்ல. அவள் ஓடிவந்து கத்தியைப் பறிக்கும்வரை அவன் வெட்டிக்கொண்டே இருந்தான்.

சீலைத்துண்டைக் கிழித்து அவள் விரலுக்குக் கட்டுப் போட்டாள். அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிந்ததும் வாசல் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்கு ஏலத்துக்கு நீயும் வா. நான் முதல் அமத்துவன். பிறகு நீ சும்மா பாக்கிற மாதிரி அமத்து. பழுதெண்டால் வாய் திறவாதை, ஏலத்திலை நிக்கிறவங்களுக்கு விளங்கக்கூடாது. என்ரை முதுகிலை ஒருக்கால் தொடு. அங்கை எனக்கு இன்னும் தெரியும்."